நாற்காலி காலியா, நாற்காலியே இல்லையா?

வாசகர் கடிதம்:

அன்புள்ள வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். அமெரிக்காவில் தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் சிறு தொழில் செய்கிறேன். வேறு மாநிலத்து நிறுவனம் ஒன்றிடம் பெரிய அரவை இயந்திரம் வாங்கினேன். மூன்றே மாதத்தில் பழுதாகிவிட்டது. பணத்தையும் திருப்பித் தரவில்லை, இயந்திரத்தையும் மாற்றித் தரவில்லை. எனக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நான்கு வருடம் ஆகிறது. ஜூரி விசாரணையே தேவையில்லை, வழக்கைத் தங்களுக்குச் சாதகமாக முடித்துவிடுங்கள் என்று எதிர்த்தரப்பு போட்ட மனு மட்டும் 14 மாதமாக நீதிபதியின் மேசையில் கிடக்கிறது. என் வழக்கறிஞரைக் கேட்டால் நீதிபதிகள் போதவில்லை என்று கையை விரிக்கிறார். நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட 2024-ல் ஒரு சட்டம் வந்ததாகவும், அதை ஜனாதிபதியே தடுத்துவிட்டதாகவும் படித்தேன். நீதிமன்றங்களைச் சீர்செய்வது யார் வேலை? இத்தனை நாளுக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டால் தீராதா? நீதிபதிக்கு நானே ஒரு கடிதம் எழுதலாமா? செப்டம்பர் கடைசியில் கும்பகோணத்தில் அக்கா மகள் கல்யாணம். போகலாமா, கூடாதா? மாவு எட்டு மணி நேரத்தில் புளித்துவிடுகிறது அம்மா, என் வழக்கு நான்கு வருடமாகப் புளித்துக்கொண்டே இருக்கிறது.

— பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்து முடிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவீர்கள். நீதிபதிக்குக் கடிதம் எழுதாதீர்கள். ஊரில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் கையில் மனுக் கொடுத்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கு நடக்கும்போது ஒரு தரப்பு, மற்றவருக்குத் தெரியாமல் நீதிபதியிடம் எதுவும் சொல்லக் கூடாது. அதிலும் வழக்கறிஞர் வைத்திருப்பவர் தானே எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அல்லது வழக்குக் கோப்பில் எல்லோர் பார்வைக்கும் சேர்த்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மறுநாள் காலைக் காபியோடு படிப்பார். என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் ஆறு பக்கம் எழுதினார். அதில் தன் வழக்கின் பலவீனத்தையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஆறு பக்கத்துக்குச் சமாதானம் சொல்ல எனக்கு அறுபது பக்கம் ஆயிற்று.

இனி, யார் வேலை என்ற கேள்வி. காங்கிரஸின் வேலை. (இங்கே காங்கிரஸ் என்றால் செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த நாடாளுமன்றம், நம் ஊர்க் கட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு, உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மற்ற நீதிமன்றங்களைக் காங்கிரஸ் அவ்வப்போது அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. நீதிபதிகள் ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை பதவியில் இருப்பார்கள், அவர்கள் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்ற இரண்டு காவல்களை மட்டும் போட்டது. மற்றதெல்லாம் சட்டம் போட்டு வந்தவைதான். 1789-ல் முதல் சட்டம் 13 மாவட்ட நீதிமன்றங்களை அமைத்தது. இன்று 94 மாவட்டங்கள், 677 மாவட்ட நீதிபதிப் பணியிடங்கள். இந்த 677-ல் ஒன்றைக்கூட நீதிபதிகள் தாங்களாகக் கூட்டிக்கொள்ள முடியாது. உங்கள் வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வந்ததே காங்கிரஸ் குறித்த ஓர் எண்ணால்தான். வெவ்வேறு மாநிலத்தார் மோதிக்கொள்ளும் வழக்கில் தொகை 75,000 டாலரைத் தாண்டினால் அங்கே போகலாம் என்பது 1996-ல் வந்த வரம்பு. 1789-ல் அது 500 டாலராக இருந்தது.

இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் முன்சீப் கோர்ட்டில் ஏறினால் உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஒரே ஏணி. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு ஓர் ஏணி, ஃபெடரல் அரசுக்கு ஓர் ஏணி. நாடுகடத்தல் வழக்குகளைக் கேட்கும் குடிவரவு நீதிமன்றம் இந்த இரண்டு ஏணியிலும் இல்லை. அது நீதித்துறை அமைச்சகத்தின் கீழுள்ள ஓர் அலுவலகம். மாதம் நாலு வாசகராவது இதைக் குழப்பிக்கொண்டு எழுதுகிறார்கள்.

தீர்ப்பு நீதிபதியினுடையது; அவர் உட்காரும் நாற்காலி, குமாஸ்தா, கட்டடம், பணம் எல்லாம் காங்கிரஸ் கொடுப்பது. இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய கோளாறு 150 வருடம் நீடித்தது என்றால் நம்புவீர்களா? 1939 வரை ஃபெடரல் நீதிமன்றங்களின் செலவுக் கணக்கு நிர்வாக அரசின் கையில்தான் இருந்தது, கடைசிப் பல பத்தாண்டுகள் நீதித்துறை அமைச்சகத்தின் பொறுப்பில். அந்த நீதிமன்றங்களில் யாரையும்விட அதிகமாக வழக்காடுவது அதே அமைச்சகம். பஞ்சாயத்துக்கு உட்காரும் பெரியவருக்கு வழக்காளி வீட்டிலிருந்து சோறு போவது போல.

அதற்கு முன்பே ஒருவர் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். ஜனாதிபதியாகவும் இருந்து பிறகு தலைமை நீதிபதியாகவும் ஆன ஒரே மனிதர். எந்த ஊரில் வழக்குகள் குவிகின்றனவோ அங்கே அனுப்புவதற்கு 18 நடமாடும் நீதிபதிகள் வேண்டும் என்று கேட்டார். நம் ஊர்த் தேர்தல் அதிகாரிகளைப் போல ஒரு பறக்கும் படை. செனட்டர்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் மாநிலத்து நீதிபதியை நாங்கள் அல்லவா பார்த்துப் போடுகிறோம், வெளியூர்க்காரர் வந்து தீர்ப்புச் சொல்வதா என்ற கோபம். 1922-ல் பறக்கும் படைக்குப் பதிலாக மாவட்டங்களுக்கென்று 24 புதிய பணியிடங்கள் கிடைத்தன. கூடவே, மூத்த மேல்முறையீட்டு நீதிபதிகள் வருடத்துக்கு ஒருமுறை கூடி எங்கே என்ன தேங்கிக் கிடக்கிறது என்று பார்க்கும் ஒரு மாநாடும் வந்தது. அதுதான் இன்றைய நீதித்துறை மாநாடு. புதிய நீதிபதிகள் எத்தனை பேர் தேவை என்று கணக்குப் பார்த்துக் காங்கிரஸிடம் கேட்பது இன்றைக்கும் அதன் வேலை.

1937-ல் நடந்த கதை பலருக்குத் தெரியும். ஜனாதிபதி ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை உச்ச நீதிமன்றம் வரிசையாகச் செல்லாது என்றது. 70 வயதைத் தாண்டியும் ஓய்வு பெறாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஒருவரைக் கூடுதலாக நியமிப்பேன், ஆறு பேர் வரை, என்று அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். சொன்ன காரணம், முதிய நீதிபதிகளால் வேலைப் பளுவைத் தாங்க முடியவில்லை என்பது. தலைமை நீதிபதி சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், எங்களிடம் தேக்கமே இல்லை என்று ஒரு கடிதம் எழுதினார். மசோதா தோற்றது. இரண்டு வருடம் கழித்து, 1939 ஆகஸ்டில், அதே ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஒரு சட்டம் சத்தமே இல்லாமல் வந்தது. நீதிமன்றங்களுக்குச் சொந்தமாக ஒரு நிர்வாக அலுவலகம். பணக் கணக்கு, பணியாளர், வழக்குப் புள்ளிவிவரம் எல்லாம் அமைச்சகத்திடமிருந்து அங்கே போயின. கூட்டம் கூட்டி முழக்கமிட்ட மசோதாவைவிட இந்தக் கணக்கப்பிள்ளைச் சட்டம்தான் நீதிமன்றங்களை மாற்றியது. ஃபெடரல் நீதிமன்றச் சட்டங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: பயன் தந்தவை பெரும்பாலும் யாரும் பேசாத சட்டங்கள்.

இனி உங்கள் 14 மாதத்துக்கு வருவோம். உங்கள் வழக்கறிஞர் சொல்வது பொய்யில்லை, அரைகுறை. நீதிபதிகள் போதவில்லை என்பதற்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, நாற்காலி இருக்கிறது, ஆள் இல்லை. ஜனாதிபதி நியமித்து, செனட் ஒப்புதல் தர வேண்டும். மாவட்ட நீதிபதி விஷயத்தில் அந்த மாநில செனட்டர்கள் நீலச் சீட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினால்தான் விஷயம் நகரும் என்ற செனட் வழக்கமும் உண்டு. சட்டத்தில் எழுதப்படாத அந்த ஒரு துண்டுச் சீட்டு வருடக்கணக்கில் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும். இரண்டாவது நோய், நாற்காலியே இல்லை. இதற்குச் சட்டம்தான் மருந்து.

இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியா கிழக்கு மாவட்டத்தைச் சொல்வார்கள். சாக்ரமெண்டோ, ஃபிரெஸ்னோ நகரங்களும் மத்தியப் பள்ளத்தாக்கும் அதில் அடங்கும். 1978-ல் அதற்கு ஆறு பணியிடங்கள் கிடைத்தன. அப்போது அங்கே சுமார் 25 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். மக்கள்தொகை 80 லட்சத்தைத் தாண்டிய பிறகும் ஆறே ஆறுதான். மாநிலச் சிறைகள் நிறைய இருக்கும் பகுதி என்பதால் கைதிகளின் வழக்குகள் வேறு மலையாகக் குவியும். 2020 தொடக்கத்தில் அந்த ஆறிலும் இரண்டு காலியாகக் கிடந்தன. பிப்ரவரியில் நீதிபதி டேல் டிராஸ்ட் ஓர் உத்தரவு போட்டார்: இது நீதித்துறை நெருக்கடி நிலை, என்னிடம் இருக்கும் சிவில் வழக்குகளுக்குப் புதிதாக விசாரணைத் தேதி குறிக்க முடியாது. ஒரு நீதிபதி இப்படி வெளிப்படையாக எழுதுவது அபூர்வம். நெருக்கடி என்பது அங்கே கோபத்தில் சொன்ன வார்த்தையும் அல்ல. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பணியிடத்துக்கு எடையிட்ட வழக்குகள் 600-க்கு மேல் வரும் மாவட்டத்தில் நாற்காலி காலியானால் அது நெருக்கடி. எடையிடுவது என்றால், எளிய கடன் பாக்கி வழக்கையும் காப்புரிமை வழக்கையும் ஒன்று என்று எண்ணாமல், காப்புரிமை வழக்கைப் பல மடங்காக எண்ணுவது.

சிவில் வழக்குகள் மட்டும் ஏன் இப்படித் தேங்குகின்றன? 1974-ல் காங்கிரஸ் குற்ற வழக்குகளுக்கு ஒரு கடிகாரம் வைத்தது. கைதானால் 30 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, அதன்பின் 70 நாளுக்குள் விசாரணை. விதிவிலக்குகள் ஏராளம், என்றாலும் கடிகாரம் கடிகாரம்தான். தவறினால் வழக்கே தள்ளுபடியாகும். ஆள் போதாத நீதிமன்றத்தில் நீதிபதி முதலில் எதை எடுப்பார்? உங்கள் அரவை இயந்திரத்தையா, சிறையில் காத்திருக்கும் ஒருவரின் வழக்கையா? சிறையில் இருப்பவரின் வழக்கைத்தான். எடுக்கவும் வேண்டும்.

நீங்கள் படித்த 2024 மசோதா இதற்காகத்தான் வந்தது. ஒட்டுமொத்தமாக நீதிபதிகளைக் கூட்டிய கடைசிச் சட்டம் 1990-ல் வந்தது. அப்போது 85 பணியிடங்கள் பிறந்தன. ஜனநாயகக் கட்சி ஆதிக்கத்தில் இருந்த காங்கிரஸ், குடியரசுக் கட்சி ஜனாதிபதியான மூத்த புஷ்ஷுக்கு அந்த 85 நாற்காலிகளைக் கொடுத்தது. அப்படி ஒரு காலம் இருந்தது. அதன் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பணியிடங்கள் வந்தனவே தவிர, பெரிதாக எதுவும் இல்லை. புதிய நாற்காலி போட்டால் அதில் யார் ஆள் உட்காருவார் என்ற கணக்கு எல்லாவற்றையும் முடக்கியது.

2024 மசோதாவின் அழகு அந்தக் கணக்கை உடைத்ததில் இருந்தது. டெலவேர் செனட்டர் கிறிஸ் கூன்ஸ், இந்தியானா செனட்டர் டாட் யங் என்று கட்சிக்கு ஒருவராகச் சேர்ந்து கொண்டுவந்தார்கள். மொத்தம் 66 மாவட்ட நீதிபதிகள், அதில் மூன்று தற்காலிகம். எல்லோரையும் ஒரே நாளில் நியமிக்காமல் 2025 முதல் 2035 வரை தவணை தவணையாக, மூன்று ஜனாதிபதிப் பதவிக்காலங்களில் பரப்பியிருந்தார்கள். அடுத்த ஜனாதிபதி யார் என்று தெரியாத நேரத்தில் வாக்களித்தால் யாருக்கும் வயிற்றெரிச்சல் இருக்காது அல்லவா? சீட்டுப் பிடிக்கும்போது குலுக்கலுக்கு முன்பே எல்லோரும் பணம் கட்டிவிடுவது போல. செனட் 2024 ஆகஸ்ட் 1 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. தேர்தலுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

பிரதிநிதிகள் சபை அதைத் தொடாமல் வைத்திருந்தது. நவம்பரில் தேர்தல் முடிந்து, டிரம்ப் வென்று, முதல் இரண்டு தவணையில் வரும் 22 நிரந்தரப் பணியிடங்களும் அவருக்கே என்பது தெரிந்த பிறகு, டிசம்பர் 12 அன்று 236-க்கு 173 என்று நிறைவேற்றியது. சீட்டுக் குலுக்கி முடிந்து பேரும் தெரிந்த பின் பணம் கட்டுகிறேன் என்று வந்த கதை. டிசம்பர் 23 அன்று ஜனாதிபதி பைடன் வீட்டோ செய்தார். அவசரகதியில் வந்திருக்கிறது, எந்த மாநிலத்துக்கு எத்தனை என்பதில் தெளிவில்லை, மூத்த நீதிபதிகளும் (வயதான பின் குறைந்த வேலையோடு தொடர்பவர்கள்) மாஜிஸ்திரேட் நீதிபதிகளும் (மாவட்ட நீதிபதிகளுக்குத் துணையாக இருப்பவர்கள்) சுமக்கும் வேலையைக் கணக்கில் எடுத்தார்களா என்று தெரியவில்லை என்றார். இருக்கும் காலியிடங்களையே சில செனட்டர்கள் நிரப்பவிடாமல் வைத்திருந்தார்கள், அப்புறம் வேலைப் பளு என்று பேசுவதில் என்ன உண்மை என்றும் கேட்டார்.

கடைசிக் கேள்வி நியாயமானது. ஆனாலும் அந்த வீட்டோ தவறு என்பது என் கருத்து. முதல் தவணைகளைப் போகவிட்டிருந்தால் பிந்தைய தவணைகள் யாருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நல்ல பகுதியும் சேர்ந்து செத்தது. பெரும் குற்றம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை உட்கார்ந்திருந்த சபைத் தலைமையுடையது. மசோதா 2025-ல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. குலுக்கலுக்கு முந்தைய அந்த அறியாமை மட்டும் திரும்பவில்லை.

அப்போது எல்லோரும் மேற்கோள் காட்டிய ஒரு புள்ளிவிவரம் உண்டு. மூன்று வருடத்துக்கு மேல் நிலுவையில் உள்ள சிவில் வழக்குகள் 2004 மார்ச்சில் 18,280 இருந்தன, 2024 மார்ச்சில் 81,617 ஆயின என்பது. 346 சதவீதம் அதிகம். எண் சரி. ஆனால் ஒரே பொருளைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் போட்ட வழக்குகளை ஒரே நீதிபதியிடம் கட்டிவைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அப்படிக் கட்டிவைத்த மூட்டைகள் இந்த எண்ணை மிகவும் ஊதிக் காட்டும். நீதிபதிகள் கூடுதலாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த ஓர் எண்ணை வைத்து மட்டும் வாதாடாதீர்கள், எதிராளி பிடித்துக்கொள்வார்.

சரி, கெடு வைத்துச் சட்டம் போட்டால் என்ன என்றீர்கள். கலிஃபோர்னியா மாநிலம் தன் நீதிபதிகளுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறது. முடிவுக்காகச் சமர்ப்பிக்கப்பட்ட விஷயம் எதுவும் 90 நாளுக்கு மேல் தங்கினால், அந்த நீதிபதி சம்பளம் வாங்க முடியாது. மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. வழக்கறிஞர்கள் நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்போம், ஆனால் வேலை செய்யும் விதி. ஃபெடரல் நீதிபதி மேல் இதைப் போடப் போனால், முன்னே சொன்னேனே, சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்ற காவல், அதில் போய் முட்டும். வேலையிலிருந்து நீக்குவதும் பதவிநீக்கத் தீர்மானம் வழியாக மட்டும்தான், அதுவும் தாமதத்துக்காக நடப்பதில்லை. ஆகவே காங்கிரஸ் கையில் மிச்சமிருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று: வெட்கம்.

1990-ல் ஜோ பைடன் செனட்டராக இருந்தபோது முன்னின்று கொண்டுவந்த சிவில் நீதிச் சீர்திருத்தச் சட்டம் அந்த ஆயுதத்தை எடுத்தது. (ஆம், அதே பைடன்.) அதன்படி வருடத்துக்கு இருமுறை, மார்ச் 31 நிலவரப்படியும் செப்டம்பர் 30 நிலவரப்படியும், ஒரு பட்டியல் வெளியாகிறது. ஆறு மாதத்துக்கு மேல் தீர்க்காத மனுக்கள், ஜூரி இல்லாமல் விசாரித்து முடித்தும் ஆறு மாதமாகத் தீர்ப்புச் சொல்லாத வழக்குகள், மூன்று வருடத்துக்கு மேல் முடியாத வழக்குகள். அதுவும் நீதிபதியின் பெயரோடு. ஏன் தாமதம் என்பதற்கு வழக்கின் சிக்கல், பணிச்சுமை, உத்தரவு எழுதப்படுகிறது என்பது போன்ற குறிப்புகளும் உண்டு. எந்தத் தண்டனையும் கிடையாது. அவ்வளவுதான் சட்டம்.

ஆயுள் முழுக்கப் பதவி, அசைக்க முடியாத சம்பளம், இருந்தும் இந்தப் பட்டியலுக்கு நீதிபதிகள் பயப்படுகிறார்கள். ஃபெடரல் நீதிமன்றத்தில் பழகிய எந்த வழக்கறிஞரிடமும் கேளுங்கள், மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களில் உத்தரவுகள் கொட்டும் என்பார். ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தும் இதை உறுதி செய்திருக்கிறார்கள். அதே சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் செலவையும் தாமதத்தையும் குறைக்கத் தனித் திட்டம் தீட்ட வேண்டும் என்றும் சொன்னது. குழுக்கள் போட்டார்கள், அறிக்கைகள் எழுதினார்கள். 1996-ல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, அந்தத் திட்டங்களால் பெரிய மாற்றமில்லை, ஆரம்பத்திலேயே விசாரணைத் தேதியைக் குறித்துவிடுவது போன்ற சில பழக்கங்கள்தான் காலத்தைக் குறைக்கின்றன என்றது. திட்டங்கள் அலமாரிக்குப் போயின, பட்டியல் நிற்கிறது.

பட்டியலிலும் ஓட்டை உண்டு. கெடு நெருங்கும்போது, மனுவை இப்போதைக்கு நிராகரிக்கிறேன், வேண்டுமானால் மறுபடி தாக்கல் செய்யுங்கள் என்று ஓர் உத்தரவு வரும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது, இரண்டு முறையும் கட்சிக்காரரிடம் விளக்கிச் சொல்ல வார்த்தை வரவில்லை.

உங்கள் மனு 14 மாதம் பழையது. தாக்கலாகி 30 நாள் கழித்துத்தான் அதை நிலுவை என்று எண்ணத் தொடங்குவார்கள். அப்படிப் பார்த்தாலும் அது ஒரு பட்டியலிலாவது ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். வழக்கே நான்கு வருடம் என்பதால் மூன்று வருடப் பட்டியலிலும் இருக்கும். நீதிமன்ற நிர்வாக அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். உங்கள் மாவட்டத்தையும் நீதிபதியின் பெயரையும் எடுத்து, எதிரே என்ன குறிப்பு இருக்கிறது என்று பாருங்கள். உத்தரவு எழுதப்படுகிறது என்று இருந்தால் பொறுத்திருங்கள். பணிச்சுமை என்று இருந்தால், அதே நீதிபதியின் பெயரில் இன்னும் எத்தனை மனுக்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். மற்றவர்களுக்கும் இப்படியா, உங்களுக்கு மட்டுமா என்பது அப்போது தெரிந்துவிடும். உங்கள் வழக்கின் ஆவணங்களை பேஸர் என்ற மின்கோப்பு முறையில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டிப் பார்க்கலாம். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் பார்த்தால் கட்டணமே கேட்க மாட்டார்கள். வழக்கறிஞரைத் தொலைபேசியில் துரத்துவதைவிட மலிவு.

அடுத்து உங்கள் வழக்கறிஞரிடம் இதைப் பேசுங்கள். தீர்ப்புக்காகக் காத்திருக்கும் மனு எதிர்த்தரப்பு போட்டது. அவர்களுக்கும் அது முடிய வேண்டும், அல்லது அப்படிக் காட்டிக்கொள்ளவாவது வேண்டும். ஆகவே இரு தரப்பும் சேர்ந்து, இந்த மனு இந்தத் தேதியிலிருந்து தயாராக இருக்கிறது என்று ஒரு பக்க நிலை அறிக்கை தாக்கல் செய்யலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் தனியாக நச்சரித்தால் நீதிபதிக்கு எரிச்சல் வரும். இருவரும் சேர்ந்து மரியாதையாக நினைவூட்டினால் வராது. ஆகஸ்ட் மாதம் அதற்கு நல்ல காலம். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மாஜிஸ்திரேட் நீதிபதி என்ற வழியையும் யோசியுங்கள். 1968-ல் காங்கிரஸ் இவர்களை உருவாக்கியது. 1979 முதல், இரு தரப்பும் சம்மதித்தால் முழு சிவில் வழக்கையும், ஜூரி விசாரணை உட்பட, இவர்களே நடத்தலாம். ஜனாதிபதியும் வேண்டாம், செனட்டும் வேண்டாம், நீலச் சீட்டும் வேண்டாம். மாவட்ட நீதிபதிகளே எட்டு வருடத்துக்கு நியமிக்கிறார்கள். குற்ற வழக்குக் கடிகாரம் இவர்களை அந்த அளவுக்கு நெருக்குவதில்லை என்பதால் உறுதியான விசாரணைத் தேதி கிடைக்க வாய்ப்பு அதிகம். மேல்முறையீடும் நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகும். சின்ன நீதிபதியிடம் தள்ளிவிடுகிறார்களே என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த மிகச் சிறந்த விசாரணை நீதிபதிகளில் இருவர் மாஜிஸ்திரேட் நீதிபதிகள். எதிர்த்தரப்பு சம்மதிக்காமல் போகலாம், தாமதம் அவர்களுக்கு லாபம் என்றால் ஏன் சம்மதிப்பார்கள்? அப்போது சமரசப் பேச்சுக்கு மட்டுமாவது அதே மாஜிஸ்திரேட் நீதிபதியைக் கேளுங்கள். உங்கள் மாநிலச் சட்டப்படி இந்த நான்கு வருடத்துக்கு வட்டி கிடைக்குமா என்று அதற்கு முன் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வட்டி தாமதத்தின் ருசியைக் கொஞ்சம் குறைக்கும்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், இந்த நீதிபதியைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள் என்று ஆணை கேட்க முடியும். 14 மாதத்துக்கு அது கிடைப்பது அரிது, அதன்பின் அதே நீதிபதி முன்தான் நிற்க வேண்டும். நீதிபதி மீது நடத்தைப் புகார் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. 1980-ல் அதற்கும் சட்டம் வந்தது. ஒரு வழக்கில் தாமதம் என்பது அந்தச் சட்டப்படி புகாருக்குரியது அல்ல, உள்நோக்கம் இருந்தாலோ, தொடர்பில்லாத பல வழக்குகளில் அதுவே பழக்கமாக இருந்தாலோ தவிர.

காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள். உங்கள் வழக்கைப் பற்றி அல்ல. நிலுவையில் உள்ள வழக்கில் அவரால் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. புதிய பணியிட மசோதா பற்றி எழுதுங்கள். முதல் தவணை அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு தொடங்கும்படி எழுதி, அந்தத் தேர்தலுக்கு முன்பே வாக்கெடுப்பு நடத்துங்கள் என்ற ஒரே கோரிக்கையை வையுங்கள். அரவை இயந்திரம், நான்கு வருடம், 14 மாதம் என்று மூன்று வரியில் உங்கள் கதை போதும். சிறு தொழில் செய்பவர் எழுதும் கடிதத்துக்கு அந்த அலுவலகங்களில் மரியாதை உண்டு. குடியுரிமை இல்லாவிட்டாலும் எழுதலாம்.

கடைசியாக, கும்பகோணம். போய் வாருங்கள். இப்படிப்பட்ட மனுக்களைப் பெரும்பாலும் காகிதங்களைப் படித்தே முடிவு செய்வார்கள், வாதம் கேட்டாலும் வழக்கறிஞர் போனால் போதும். ஊருக்குப் போகும் தேதிகளை இன்றைக்கே உங்கள் வழக்கறிஞருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த நாட்களில் சமரசக் கூட்டமோ வேறெதுவோ வைத்தால் முன்கூட்டியே ஆட்சேபிக்க அவருக்கு வசதியாக இருக்கும். செப்டம்பர் 30-ஐ ஒட்டி உத்தரவு வந்தால் இந்திய நேரப்படி நள்ளிரவில்தான் மின்னஞ்சல் வரும். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு கைபேசியை அக்காவிடம் கொடுத்து வைத்துவிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்